வல்லத்துக்கு நான்கு பிட் போதும்

‘வல்லம்’ என்று தமிழில் தட்டினால் கணினி அதற்கு 18 பைட் இடம் ஒதுக்குகிறது. நம் கண்ணுக்கு நான்கே எழுத்து. யூனிகோடு கணக்கில் வ, ல, புள்ளி, ல, ம, புள்ளி என்று ஆறு குறிகள். இணையம் முழுக்கப் புழங்கும் யுடிஎஃப்-8 முறையில் ஒவ்வொரு தமிழ்க் குறிக்கும் 3 பைட் பிடிக்கும். ஒரு பைட்டுக்கு 8 பிட் என்றால் ஊர்ப்பெயர் ஒன்றுக்கு மட்டும் 144 பிட், அதாவது 144 பூச்சியமும் ஒன்றும்.

இப்போது கேள்வியைக் கொஞ்சம் மாற்றிக் கேட்போம். விழுப்புரம் மாவட்டத்தில் ஊராட்சி ஒன்றியங்கள் மொத்தம் 13. அகரவரிசையில் வைத்தால் ஒலக்கூர், கண்டமங்கலம், காணை, கோலியனூர், செஞ்சி, திருவெண்ணெய்நல்லூர், மயிலம், மரக்காணம், முகையூர், மேல்மலையனூர், வல்லம், வானூர், விக்கிரவாண்டி. ஒரு வீடு இவற்றில் எந்த ஒன்றியத்தில் இருக்கிறது என்று மட்டும் சொன்னால் போதும் என்றால் எத்தனை பிட் வேண்டும்? நான்கு பிட்டில் 16 விடைகளைக் குறிக்கலாம். 13-க்கு அது தாராளம். ஒலக்கூரைப் பூச்சியம் என்று தொடங்கி எண்ணினால் வல்லம் 10-ஆவதாக வரும். இரும எண்ணில் 1010.

ஒரு வேடிக்கை, இந்த நான்கு பிட் அந்த 144 பிட்டைவிடத் துல்லியமானது. வெறுமனே ‘வல்லம்’ என்று எழுதினால் தஞ்சாவூரை ஒட்டிய வல்லமா, செங்கல்பட்டுக்குப் பக்கத்தில் பல்லவர் குடைவரைகள் உள்ள வல்லமா, ஸ்ரீபெரும்புதூர்ப் பக்கம் சிப்காட் வந்த வல்லம் வடகாலா, செஞ்சிச் சீமையில் ஒன்றியத் தலைமையிடமாக இருக்கும் வல்லமா என்று தெரியாது. 1010 என்பதில் அந்தக் குழப்பமே கிடையாது. ஆனால் ஒரு நிபந்தனை உண்டு. அனுப்புபவர் கையிலும் பெறுபவர் கையிலும் ஒரே பட்டியல், ஒரே வரிசையில் இருக்க வேண்டும்.

கல்யாண வீட்டுக்கு வாழ்த்துத் தந்தி வந்த காலத்தைப் பார்த்தவர்களுக்கு இது புதிதல்ல. தபால் தந்தி அலுவலகத்தில் வாழ்த்து வாசகங்கள் எண் போட்டு அச்சடிக்கப்பட்டிருக்கும். நீண்ட இனிய மணவாழ்க்கைக்கு வாழ்த்துச் சொல்லும் வாசகத்துக்கு எண் 8. தீபாவளி வாழ்த்துக்கு 1. கம்பியில் போனது அந்த எண் மட்டும். மறுமுனையில் இருந்த தந்தி அலுவலகம் தன் பட்டியலைப் பார்த்து முழு வாக்கியத்தையும் எழுதிக் கொடுத்தது. 2013 ஜூலையில் இந்தியாவில் தந்திச் சேவையே மூடப்பட்டது. அந்த உத்தி மட்டும் வேறு பெயரில் கணினிக்குள் உயிரோடு இருக்கிறது. ஸ்கீமா சார்ந்த இருமக் குறியாக்கம் என்று அதற்குப் பெயர். தந்தியில் ஒரு வாக்கியத்துக்கு ஓர் எண் இருந்தது. இங்கே ஒரு முழு ஆவணத்தின் எலும்புக்கூடே இருமுனையிலும் முன்கூட்டி இருக்கும். போவது சதை மட்டும்.

அந்த ஆவணங்கள் பெரும்பாலும் எக்ஸ்எம்எல் என்ற வடிவத்தில் இருப்பவை. 1998 பிப்ரவரியில் டபிள்யூ3சி என்ற இணையத் தர அமைப்பு அதை வெளியிட்டது. ஒவ்வொரு தகவலுக்கும் முன்னும் பின்னும் அதன் பெயரை டேக்காக எழுதிவிடுவதுதான் அதன் வழக்கம். டேக்குகளைத் தமிழிலேயே எழுதவும் அனுமதி உண்டு. ஒரு வீட்டைப் பற்றிய மூன்று தகவலுள்ள சின்னப் படிவம் ஒன்றை இப்படி எழுதலாம்:

<வீடு>
<ஒன்றியம்>வல்லம்</ஒன்றியம்>
<மின்சாரம்>1</மின்சாரம்>
<ஆட்கள்>4</ஆட்கள்>
</வீடு>

படித்தால் யாருக்கும் புரியும். அதுதான் அதன் பலம். வல்லம் ஒன்றியத்தில் ஒரு வீடு, மின்சாரம் உண்டு, நான்கு பேர் இருக்கிறார்கள். எந்தத் தனி மென்பொருளும் இல்லாமல் ஐம்பது வருடம் கழித்துத் திறந்தாலும் புரியும். வரிகளை ஒட்டி எழுதிப் பைட் கணக்குப் பார்த்தால் 202 வருகிறது. அதில் உண்மையான தகவல் வல்லம், 1, 4 ஆகியவை மட்டும். அதாவது 20 பைட். மீதி 182 பைட்டும் ‘இது ஒன்றியம், ஒன்றியம் முடிந்தது, இது மின்சாரம், மின்சாரம் முடிந்தது’ என்ற அறிவிப்பு. எக்ஸ்எம்எல்லை வடிவமைத்தவர்கள் சுருக்கத்தைப் பெரிதாக எண்ணவில்லை. அப்படி எண்ணவில்லை என்பதைத் தங்கள் குறிக்கோள்களில் ஒன்றாகவே எழுதிவைத்தார்கள்.

இதோடு ஸ்கீமா என்று இன்னொரு ஆவணம் உண்டு. படிவத்தின் விதிகளைச் சொல்வது அது. ‘வீடு’ என்பதற்குள் முதலில் ஒன்றியம், பிறகு மின்சாரம், பிறகு ஆட்கள் இந்த வரிசையில்தான் வரும். ஒன்றியம் இந்த 13-இல் ஒன்று. மின்சாரம் உண்டு அல்லது இல்லை. ஆட்கள் 1 முதல் 16 வரை. முதலில் ஸ்கீமா எழுதப்பட்டது சரிபார்க்கத்தான். யாராவது ஆட்கள் என்ற இடத்தில் ‘நிறைய’ என்று எழுதினால் பிடித்துவிடலாம். சரிபார்க்கவென்று எழுதிய அதே விதிகளைச் சுருக்கவும் பயன்படுத்தலாமே என்று பிறகு சிலருக்குத் தோன்றியது.

அந்த யோசனை பல இடங்களில் பல பெயரில் வந்தது. தொலைத்தொடர்பு உலகில் ஏஎஸ்என்.1 என்ற ஏற்பாடு 1980-களிலேயே இருந்தது. பழைய பட்டன் கைப்பேசிகளின் வாப் இணையத்துக்கு டபிள்யூபிஎக்ஸ்எம்எல் வந்தது. காணொளித் தரங்களை எழுதும் எம்பெக் குழு தனக்கென ஒன்று வைத்துக்கொண்டது. ஆளுக்கொன்று என்று போனால் சரிவராது என்று 2003 செப்டம்பரில் டபிள்யூ3சி ஒரு பட்டறை கூட்டியது. எக்ஸ்எம்எல்லின் அழகே மனிதர் படிக்க முடிவதுதானே, அதை இருமமாக்கினால் என்ன மிஞ்சும் என்று பலர் முகம் சுளித்தார்கள். அவர்கள் கேட்டதில் நியாயம் இருந்தது என்றே நினைக்கிறேன். அந்த நியாயத்துக்குப் பின்னால் வருகிறேன். 2011 மார்ச்சில் எஃபிஷியன்ட் எக்ஸ்எம்எல் இன்டர்சேஞ்ச், சுருக்கமாக இஎக்ஸ்ஐ, முறையான பரிந்துரையாக வெளிவந்தது.

நம் படிவத்தை இஎக்ஸ்ஐ எப்படி அனுப்பும் என்று ஒவ்வொரு பிட்டாகப் பார்த்துவிடலாம். ஸ்கீமாவிலிருந்து துளியும் விலகாத கண்டிப்பு முறையை எடுத்துக்கொள்வோம்.

முதல் 8 பிட் தலைப்பு: 10000000. ‘இது இஎக்ஸ்ஐ, முதல் பதிப்பு, விருப்பங்கள் இங்கே எழுதப்படவில்லை’ என்று அர்த்தம். அடுத்து 1 பிட்: ஆவணம் ‘வீடு’ என்று தொடங்குகிறதா, ஸ்கீமாவில் இல்லாத வேறு ஏதாவதா? ‘வீடு’தான், எனவே 0. அடுத்து ஒன்றியம் என்ற டேக். அதற்கு எத்தனை பிட்? பூச்சியம். ‘வீடு’ திறந்ததும் ஒன்றியம் வந்தே ஆக வேண்டும். வேறு வழியே இல்லை. வேறு வழியில்லாததைச் சொல்வதற்குச் செலவு எதுவும் இல்லை. மதிப்பு மட்டும்: 1010. ஒன்றியம் முடிந்தது என்ற மூடும் டேக்குக்கும் பூச்சியம். மின்சாரம் டேக்குக்குப் பூச்சியம், மதிப்பு 1 பிட்: 1. ஆட்கள் டேக்குக்குப் பூச்சியம். 1 முதல் 16 வரை என்பதால் 4 பிட் போதும். குறைந்த மதிப்பான 1-ஐப் பூச்சியமாக வைத்து எண்ணுவதால் 4 என்பது 3 ஆகிறது: 0011. வீடு மூடுகிறது, அதற்கும் பூச்சியம்.

எல்லாம் சேர்த்தால் 18 பிட்:

10000000 0 1010 1 0011

பைட்டாக நிரப்ப வாலில் ஆறு பூச்சியம் சேர்த்தால் 3 பைட். 202 பைட் 3 பைட் ஆகிவிட்டது. டேக்கைத் தமிழில் வைத்ததால் எழுத்துக்கு மூன்று பைட் என்று ஊதிய ஆவணம் இங்கே ஆங்கில டேக் வைத்த ஆவணத்தைவிட ஒரு பிட்கூடக் கூடுதலாகப் பிடிப்பதில்லை. பெயரே போகாதபோது அது எந்த மொழியில் இருந்தால் என்ன!

மொத்தச் சூட்சுமமும் அந்தப் பூச்சியங்களில் இருக்கிறது. இஎக்ஸ்ஐ ஆவணத்தை எழுத்துகளின் வரிசையாகப் பார்ப்பதில்லை. நிகழ்வுகளின் வரிசையாகப் பார்க்கிறது. டேக் திறந்தது, மதிப்பு வந்தது, டேக் மூடியது, இப்படி. ஸ்கீமாவை வைத்து ஒவ்வொரு கட்டத்திலும் அடுத்து என்னென்ன வரலாம் என்று ஓர் இலக்கணம் கட்டிக்கொள்கிறது. ஒன்றுதான் வரலாம் என்றால் 0 பிட். இரண்டில் ஒன்று என்றால் 1 பிட். மூன்று நான்கு என்றால் 2 பிட். படிவத்தில் ‘கைப்பேசி எண் இருந்தால் எழுதவும்’ என்று விருப்பப் புலம் ஒன்று சேர்த்தால், அது வருகிறதா இல்லையா என்று சொல்ல 1 பிட் செலவாகும். எதிர்பார்க்கக்கூடியது இலவசம், எதிர்பாராததற்குத்தான் கட்டணம். கிளாட் ஷானன் 1948-இல் தகவல் கோட்பாட்டுக்கு அடிப்படை போட்டபோது சொன்ன அளவுகோல் இதுதான். பெறுபவருக்கு முன்பே தெரிந்த ஒன்றில் தகவல் கிடையாது.

ஜிப் செய்தாலும் சுருங்குமே என்று கேட்கலாம். ஜிப் வேறு வகை. அது ஆவணத்துக்குள்ளேயே திரும்பத் திரும்ப வருவதைத் தேடிக் கண்டுபிடித்துச் சுருக்குகிறது. ஆயிரம் வீடுகளின் பட்டியல் என்றால் ‘ஒன்றியம்’ ஆயிரம் தடவை வரும், ஜிப் நன்றாக வேலை செய்யும். ஒரே வீடு என்றால் அதற்குப் பிடித்துக்கொள்ள அதிகம் இல்லை. ஜிப் வகையைச் சேர்ந்த ஜிசிப் கோப்பின் தலைப்பும் வாலும் மட்டுமே 18 பைட். நம் முழு ஆவணத்தைப் போல ஆறு மடங்கு. ஸ்கீமா முறை தன் அறிவை ஆவணத்துக்கு வெளியிலிருந்து கொண்டுவருகிறது. குட்டிக் குட்டிச் செய்திகள் ஓயாமல் போய்வரும் இடத்தில் அதனால்தான் அதற்கு மவுசு.

பட்டியலில் அடங்காத மதிப்புகளும் உண்டு, ஆட்பெயர், தெருப்பெயர் போல. அவை எழுத்தாகத்தான் போயாக வேண்டும். அங்கும் தமிழுக்கு ஒரு சின்ன லாபம் இருக்கிறது. இஎக்ஸ்ஐ ஒவ்வொரு யூனிகோடு எண்ணையும் ஏழேழு பிட்டாக உடைத்து, இன்னும் வருகிறதா என்று சொல்ல ஒரு பிட் சேர்த்து அனுப்பும். தமிழ் எழுத்துகளின் எண்கள் 2944-இல் தொடங்கி 3071-க்குள் முடிந்துவிடுவதால் இரண்டு பைட்டில் அடங்கும். ஒன்றியத்தைப் பட்டியலாக வைக்காமல் வெறும் எழுத்தாக வைத்திருந்தாலும் ‘வல்லம்’ நீளக் குறியோடு 13 பைட்தான் ஆகியிருக்கும். அதே சொல் அதே ஆவணத்தில் மறுபடி வந்தால் முழுதாக எழுதாது. முன்னால் வந்த சொற்களுக்கு ஒரு அட்டவணை வைத்திருக்கும். அதில் எத்தனையாவது என்று மட்டும் சொல்லும்.

இதுவரை லாபக் கணக்கு. இனி அந்த முகம் சுளித்தவர்களின் கணக்கு.

2019 நவம்பர் 26 அன்று விழுப்புரம் மாவட்டத்திலிருந்து கள்ளக்குறிச்சி தனி மாவட்டமாகப் பிரிந்தது. அதற்கு முன் விழுப்புரத்தில் 22 ஒன்றியங்கள். 9 ஒன்றியங்கள் கள்ளக்குறிச்சிக்குப் போயின. பழைய பட்டியலில் உளுந்தூர்பேட்டை, கல்ராயன்மலை, கள்ளக்குறிச்சி, சங்கராபுரம் எல்லாமும் இருந்தன. 22 விடைகளுக்கு 4 பிட் போதாது, 5 வேண்டும். ஒரு கற்பனைக்காக, நம் 3 பைட்டைப் புதிய பட்டியலோடு ஒருவர் அனுப்புகிறார், பழைய பட்டியலை வைத்திருக்கும் ஒரு கணினி அதைப் படிக்கிறது என்று வைத்துக்கொள்வோம்.

தலைப்பு சரி. ‘வீடு’ சரி. ஒன்றியத்துக்கு அது 5 பிட் எடுக்கும். 1010-உடன் அடுத்து நின்ற மின்சாரத்தின் 1-ஐயும் சேர்த்து விழுங்கிவிடும்: 10101. அது 21. பழைய அகரவரிசையிலும் பூச்சியத்திலிருந்து எண்ணினால் 21-ஆவது விக்கிரவாண்டி. அடுத்த பிட் 0, எனவே மின்சாரம் இல்லை. அடுத்த நான்கு பிட் 0110, வாலில் நிரப்பிய பூச்சியம் ஒன்றும் உள்ளே வந்துவிட்டது. அது 6, 1-லிருந்து எண்ணினால் 7 பேர். வல்லம் ஒன்றியத்தில் மின்சாரம் உள்ள நான்கு பேர் வீடு, விக்கிரவாண்டியில் மின்சாரம் இல்லாத ஏழு பேர் வீடாகிவிட்டது.

எந்தப் பிழைச் செய்தியும் வராது. விக்கிரவாண்டி செல்லுபடியாகும் பெயர். மின்சாரம் இல்லை என்பதும் செல்லுபடியாகும். ஏழும் 16-க்குள்தான். எக்ஸ்எம்எல்லாகப் போயிருந்தால் ‘வல்லம்’ என்ற எழுத்து அப்படியே நின்றிருக்கும். பழைய பட்டியலிலும் வல்லம் இருந்ததால் சரியாகவே படித்திருக்கும். கல்யாண வீட்டில் 8 என்பது 1 ஆகிவிட்டால் தீபாவளி வாழ்த்து வரும், அதைப் படிக்கிறவர் சிரித்துவிடுவார். கணினிக்குச் சிரிக்கத் தெரியாது. மிகையாக எழுதப்பட்டவை என்று நாம் வெட்டிய அந்த 182 பைட்டும் வீண் இல்லை, பிழையைக் காட்டிக்கொடுக்கும் காவலும் அவைதான் என்பது இப்போதுதான் தெரிகிறது.

ஆகவே இந்த முறையை நிஜமாகவே பயன்படுத்துகிறவர்கள் முதலில் செய்வது, எந்தப் பட்டியல் என்று பேசித் தீர்த்துக்கொள்வது. அதை நன்றாகப் பார்க்கக்கூடிய இடம் திண்டிவனம், விழுப்புரம் வழியாகப் போகும் சென்னை–திருச்சி நெடுஞ்சாலை.

சாலையோர உணவகத்தில் காரை நிறுத்தி டிசி ஃபாஸ்ட் சார்ஜரின் கனத்த கேபிளைச் சொருகுகிறவர் பார்ப்பது திரையில் ஏறும் சதவீதத்தையும் யூனிட்டையும் மட்டும். சொருகிய நொடியிலிருந்து காரும் சார்ஜரும் இடைவிடாமல் பேசிக்கொண்டிருக்கின்றன. இன்று இங்கே விற்கும் மின்கார்களில் பெரும்பாலும் இருப்பது சிசிஎஸ்-2 சொருகி. கீழே இரண்டு தடித்த முனைகள் மின்சாரத்துக்கு. மேலே வட்டத்துக்குள் இருக்கும் மெல்லிய முனைகளில் கன்ட்ரோல் பைலட் என்ற ஒன்றின் வழியாகப் பேச்சு நடக்கிறது. அந்தக் கம்பியின் மேலேயே உயர் அதிர்வெண் சமிக்ஞையை ஏற்றி, ஒரு குட்டி வலையமைப்பைக் கட்டிக்கொள்கிறார்கள். அதில் போகும் செய்திகள் பெரும்பாலும் டின் 70121, ஐஎஸ்ஓ 15118 என்ற இரண்டு தரங்களில் எக்ஸ்எம்எல் ஸ்கீமாவாக வரையறுக்கப்பட்டவை. கம்பியில் போவது இஎக்ஸ்ஐ.

கார்தான் எஜமான். எத்தனை வோல்ட், எத்தனை ஆம்பியர் வேண்டும் என்று அது கேட்டுக்கொண்டே இருக்கும், சார்ஜர் கொடுத்துக்கொண்டே இருக்கும். மின்சாரம் பாயும்போது இந்தக் கேள்வி–பதில் ஒரு நொடியில் பல தடவை நடக்கிறது. கால் நொடிக்குள் பதில் வராவிட்டால் கார் சார்ஜ் ஆவதையே நிறுத்திவிடும்.

‘எனக்கு 400 வோல்ட் வேண்டும்’ என்ற ஒரு துண்டை மட்டும் பார்ப்போம். ஐஎஸ்ஓ 15118-இன் இரண்டாம் பகுதிப்படி ஓர் அளவு என்பது மூன்று புலங்கள். பத்தின் எந்த அடுக்கால் பெருக்குவது, என்ன அலகு, என்ன எண். ஆங்கில டேக்குகளோடு எக்ஸ்எம்எல்லாக எழுதினால் 93 எழுத்து, 93 பைட். இஎக்ஸ்ஐயில் உள்ளடக்கம் இப்படி ஆகிறது. அடுக்கு −3 முதல் 3 வரை ஏழில் ஒன்று என்பதால் 3 பிட். பூச்சியம் அங்கே 011. அலகும் ஏழில் ஒன்று: மணி, நிமிடம், நொடி, ஆம்பியர், வோல்ட், வாட், வாட்–மணி. வோல்ட் 100. எண் 400-க்குக் கூட்டலா கழித்தலா என்று 1 பிட், பிறகு ஏழேழாக உடைத்து இரண்டு பைட்: 10010000 00000011. இந்தத் தரம் கண்டிப்பு முறையைக் கையாள்வதில்லை. ஸ்கீமாவில் இல்லாத ஏதாவது வந்தால் இருக்கட்டும் என்று ஒவ்வொரு கட்டத்திலும் ஒரு பின்வாசல் வைத்திருக்கிறது. ஆகவே டேக் திறக்க, மதிப்பு வர, மூட என்று நிகழ்வுக்கு ஒரு பிட் போகிறது. கூட்டிப் பார்த்தால் 33 பிட். ‘இப்போது வருவது மின்னழுத்தம்’ என்று முன்னால் சொல்ல ஓரிரு பிட் வைத்துக்கொண்டாலும் ஐந்து பைட்டைத் தாண்டாது.

இங்கே ஒரு சந்தேகம் எழுவது நியாயம். அந்தக் கம்பி உச்சத்தில் நொடிக்கு ஒரு கோடி பிட் கடத்தக்கூடியது. அதில் 93 பைட்டுக்குப் பதில் 5 பைட் போவதால் என்ன பெரிய மிச்சம்? கம்பியில் மிச்சம் சொற்பம்தான். மிச்சமாவது மறுமுனையில் இருக்கும் சில்லின் உழைப்பு. எழுத்தாக வந்தால் ஒவ்வொரு எழுத்தாகப் படித்து, டேக் எங்கே முடிகிறது என்று தேடி, ‘400’ என்ற மூன்று எழுத்தை எண்ணாக மாற்ற வேண்டும். இஎக்ஸ்ஐயில் இந்த இடத்தில் மூன்று பிட், அந்த இடத்தில் ஒரு பிட் என்று எடுத்தால் எண் கையில் வந்துவிடும். காருக்குள் இருக்கும் மலிவான கன்ட்ரோலருக்கு அது பெரிய விஷயம்.

ஆனால் கோளாறு வந்தால் கண்டுபிடிப்பது பெரும்பாடு. கம்பியைத் தட்டிக் கேட்கும் பொறியாளருக்குத் தெரிவது 01, எஃப்இ, 80, 01 என்று தொடங்கும் எண் மூட்டை. ஸ்கீமாவும் அதற்கேற்ற மென்பொருளும் கையில் இல்லாவிட்டால் 400 வோல்ட் எங்கே ஒளிந்திருக்கிறது என்று கண்ணால் கண்டுபிடிக்க முடியாது, ஏனென்றால் அது பைட்டின் எல்லையில்கூடத் தொடங்காது. ஏதோ ஒரு பைட்டின் நடுவில் தொடங்கி இன்னொன்றின் நடுவில் முடியும்.

பட்டியல் எது என்ற பேச்சுவார்த்தைக்கு வருவோம். கார் அனுப்பும் முதல் இஎக்ஸ்ஐ செய்தியே அதுதான்: ‘எனக்குத் தெரிந்த தரங்கள் இவை, இந்தப் பதிப்புகள், இந்த முன்னுரிமையில்’. அதில் மட்டும் தரத்தின் முழுப் பெயர் எழுத்து எழுத்தாகப் போகிறது. டின் 70121-இன் 2012 வரையறை, ஐஎஸ்ஓ 15118-2-இன் 2013 வரையறை என்று நீட்டி முழக்கும். இந்த முதல் செய்திக்கென்று தனியாக ஒரு குட்டி ஸ்கீமா உண்டு, அதை யாரும் மாற்றுவதில்லை. சார்ஜர் தனக்கும் தெரிந்த ஒன்றைத் தேர்ந்தெடுத்து அதன் எண்ணைத் திருப்பிச் சொல்லும். அதற்குப் பிறகுதான் நறுக்கென்ற பேச்சு. ஒத்துவரும் தரம் எதுவும் இல்லாவிட்டால் சார்ஜ் தொடங்காது. விக்கிரவாண்டி விபத்து நடக்க விடாமல் வாசலிலேயே தடுப்பது இது.

மின்கார் இல்லாதவர்களின் சட்டைப்பையிலும் இதே உத்தி இருக்கிறது. ஆதார் அட்டையின் பழைய கியூஆர் குறியை எந்தக் கைப்பேசியில் ஸ்கேன் செய்தாலும் எக்ஸ்எம்எல் அப்படியே வரும்: பெயர், பாலினம், பிறந்த ஆண்டு, தெரு, மாவட்டம் எல்லாம் டேக்கோடு. 2018-இல் வந்த பாதுகாப்பான கியூஆரில் டேக் பெயர்களே இல்லை. எத்தனையாவது இடத்தில் இருப்பது என்ன என்பதை ஆதார் ஆணையம் ஆவணமாக வெளியிட்டிருக்கிறது. மதிப்புகள் மட்டும் அந்த வரிசையில் வரும், நடுவே 255 என்ற பைட் வேலியாக நிற்கும். மிச்சமான இடத்தில் ஒரு சின்னப் புகைப்படத்தையும் 256 பைட் மின்கையொப்பத்தையும் வைத்துவிட்டார்கள். இது இஎக்ஸ்ஐ இல்லை, அதைவிட நாட்டுத்தனமான ஏற்பாடு. பிட் அளவுக்குச் சுருக்கவும் இல்லை. ஆனால் புலத்துக்கு வேலி இருப்பதால் ஒன்று தவறினால் மற்றதெல்லாம் பிட் பிட்டாக நகர்ந்து போகாது.

கைரேகை வைத்துச் சரிபார்க்கும் ஆதார் சேவையில் இன்னும் நேரடியாகவே இரண்டு வழி கொடுத்திருக்கிறார்கள். கருவி அனுப்பும் தகவல் கட்டு எக்ஸ்எம்எல்லாக இருந்தால் எக்ஸ், கூகுளின் புரோட்டோபஃப் என்ற இரும வடிவமாக இருந்தால் பி என்று ஓர் எழுத்து போட வேண்டும். எக்ஸ்எம்எல்லில் கைரேகைத் தரவை அப்படியே வைக்க முடியாது. 3 பைட்டை 4 எழுத்தாக மாற்றித்தான் வைக்க முடியும், அதனால் மூன்றில் ஒரு பங்கு ஊதிவிடும். இரும வடிவத்தில் அந்த ஊதல் இல்லை.

புரோட்டோபஃப்புக்கும் ஸ்கீமா உண்டு. ஆனால் அது ஒவ்வொரு புலத்தின் எண்ணையும் மதிப்பின் முன்னால் போட்டே அனுப்பும்: 3-ஆவது புலம், மதிப்பு இது, 7-ஆவது புலம், மதிப்பு இது. இஎக்ஸ்ஐ சொல்லாமல் விடுவதை அது சொல்லிவிடுகிறது, சில பிட் கூடுதலாகச் செலவு செய்து. பதிலுக்கு, தெரியாத எண்ணுள்ள புலம் வந்தால் பழைய மென்பொருள் அதைத் தாண்டிக் குதித்துப் போய்விடலாம். ஆண்டுக்கு ஒரு தடவை படிவம் மாறும் இடத்தில் என்னைக் கேட்டால் இதைத்தான் சொல்வேன். இருமுனையும் ஒரே தொழிற்சாலைக் கட்டுப்பாட்டில் இருந்து, படிவம் பத்து வருடம் மாறாது என்றால் இஎக்ஸ்ஐ.

சார்ஜர் உலகமும் அந்தப் பாடத்தைக் கொஞ்சம் தாமதமாகப் படித்துக்கொண்டது. 2022-இல் வந்த ஐஎஸ்ஓ 15118-இன் 20-ஆம் பகுதி முன்னதோடு ஒத்துப்போகாது. இரண்டும் தெரிந்த கார், இரண்டையும் தனித்தனியாக வைத்திருக்க வேண்டும். ஆனால் இந்தத் தடவை எல்லாவற்றையும் ஒரே பெரிய ஸ்கீமாவில் போட்டு அடைக்கவில்லை. பொதுச் செய்திகளுக்கு ஒன்று, ஏசி சார்ஜுக்கு ஒன்று, டிசிக்கு ஒன்று, கம்பியில்லா சார்ஜுக்கு ஒன்று என்று பிரித்துவிட்டார்கள். நாளை புதிதாக ஒரு வகை வந்தால் அதற்குத் தனி ஸ்கீமா எழுதிக்கொள்ளலாம். மற்றவற்றில் ஒரு பிட்டும் நகராது. எந்தச் செய்தி எந்த ஸ்கீமா என்று எப்படித் தெரியும்? ஒவ்வொரு இஎக்ஸ்ஐ மூட்டைக்கும் முன்னால் 8 பைட் உறை ஒன்று போகிறது. முதல் இரண்டு பைட் பதிப்பு, அடுத்த இரண்டு பைட் உள்ளே இருப்பது எந்த வகை, கடைசி நான்கு பைட் நீளம். அந்த உறை மட்டும் இஎக்ஸ்ஐக் குறியாக்கத்துக்கு வெளியே, 2012-இல் இருந்த அதே வடிவத்தில் இருக்கிறது.